ஒன்பதுக்கு ஒன்பது

ஜூலை 8, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நானாக உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை. நகைக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஒன்று பீரோவில் துணிக்கு அடியில் ஆறு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பியிருக்கிறேன். தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம். வலி பத்துக்கு எத்தனை, படபடப்பு வந்ததா, மாத்திரை எத்தனை. அக்டோபர் பதினான்காம் தேதி இந்த நோட்டோடு போய்க் காட்ட வேண்டும்.

பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தாறு. கோபியில் ஒரு தனியார் பள்ளியில் யோகா மிஸ். கணவர் லோகநாதன், டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே பெண் தாரிணி, அதே பள்ளியில் நாலாம் வகுப்பு.

போன வாரம் வலது தோள் மூட்டிலிருந்து இறங்கிவிட்டது. இந்த வருடத்தில் நாலாவது தடவை. சக்கராசனம் செய்தபோது என்றால்கூடச் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தபோது. நானே சுவரில் சாய்ந்து ஏற்றிவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இவர்தான் பிடிவாதமாக இன்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

எலும்புப் பிரிவில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். கட்டை விரலை மடக்கி முன்கையைத் தொடச் சொன்னார். தொட்டேன். இரண்டு கையும். சுண்டுவிரலைப் பின்பக்கம் வளைக்கச் சொன்னார். முழங்கை, முழங்கால் பின்னால் போகிறதா என்று பார்த்தார். கடைசியில் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

“ஒம்பதுக்கு ஒம்பதுங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து, குதிகாலைச் சேர்த்து, கையைக் கூப்பி நின்றேன். போட்டியில் ஆசனம் முடித்ததும் நடுவர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும். அந்த டாக்டருக்குப் பாவம், என்ன செய்வதென்று தெரியவில்லை.

“இது பரிசு குடுக்கற மார்க் இல்லைங்க. உங்க மூட்டெல்லாம் பொறப்புலயே தளர்வு. யோகா பண்ணி நீங்க வளையல. வளைஞ்சதாலதான் உங்கள யோகாவுல விட்டுருக்காங்க.”

பிறகு நெஞ்சு படபடக்குமா, கூட்டத்தில் மூச்சு முட்டுமா என்றெல்லாம் கேட்டார். இந்த மாதிரி உடம்பு உள்ளவர்களுக்குப் பயமும் கூடவே இருக்கும் என்றார். “எங்கிட்ட வர்ற பொம்பளைங்க நெறயப் பேரு வலிக்கும் பயத்துக்கும் சேத்து எதையாச்சும் புடிச்சுக்கறாங்க. மாத்திரை, சிரப்பு, செலருக்குக் குடி. நீங்க என்ன எடுக்கறீங்க?”

“எப்பவாச்சும் ஒரு வலி மாத்திரைங்க.”

அதையும் எழுதிக்கொண்டார். மனநலப் பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதித் தந்தார். அறை எண் 14. இது பரம்பரையாக வரக்கூடியது, பெண்ணையும் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்றார்.

“அவ நல்லா இருக்கறாளுங்க” என்றேன்.

வலி 5. படபடப்பு இல்லை. மாத்திரை இல்லை.

ஜூலை 9

வலி 4. படபடப்பு இல்லை. மாத்திரை இல்லை.

ஜூலை 11

வலி 4. மற்றபடி அதேதான்.

கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு விட்டார். செப்டம்பரில் மாவட்ட யோகா போட்டி, அக்டோபர் இருபதாம் தேதி மாநிலப் போட்டி. பத்து வயதுக்குள் பிரிவில் தாரிணியை நிறுத்த வேண்டும் என்றார். “மிஸ், நீங்க ஸ்டேட் சாம்பியன். உங்க பொண்ணும் ஸ்டேட்டுன்னா கேட்டுக்கு வெளிய இருவதடி பிளெக்ஸ் வெச்சர்லாம். அம்மா ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம்.” சரிங்க சார் என்று வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? தோள் இறங்கும் யோகா மிஸ்ஸை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்?

பொய் எழுதக் கூடாது. அதற்காக மட்டும் சரி என்று சொல்லவில்லை. எனக்கும் ஆசையாக இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் ஆட்டுக்கறி. இவர் பட்டறைக்குப் போனதும் தாரிணியை ஹாலில் நிறுத்தினேன். விளையாட்டு மாதிரி ஆரம்பித்தேன். கட்டை விரலை மடக்கு சாமி. சுண்டுவிரல். முழங்கை. முழங்கால். குனி.

எல்லாவற்றையும் செய்துவிட்டு நிமிர்ந்து, குதிகாலைச் சேர்த்து, கையைக் கூப்பி நின்றாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

“எத்தன மார்க்குங்கம்மா?”

“ஒம்பது.”

“எத்தனைக்கு?”

அடுப்பில் விசில் வந்தது. எழுந்து போய்விட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் போட்டியே வேண்டாம் என்பார். அப்படியே விட்டால் பரவாயில்லை. உனக்கும் இதேதானா, நீ என்ன சாப்பிடுகிறாய் என்று அடுத்துக் கேட்பார்.

ஜூலை 22

வெண்டைக்காய் வாங்கினேன், எல்லாம் முற்றல். தாரிணி காலையில் வாந்தி. டிபன் ஒத்துக்கொள்ளவில்லை போல.

டாக்டர், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதினேன். பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துக்கொள்ளலாம்.

பிரசவத்துக்கு அப்புறம் இடுப்பு மூட்டு விட்டுப்போய் நடக்க முடியாமல் கிடந்தேன். அப்போது பத்து நாளைக்கு ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தாரிணிக்கு இப்போது ஒன்பது வயது. நான் இன்னும் அந்தப் பத்து நாளை முடிக்கவில்லை.

அது வலிக்கு மட்டும் என்றால் எப்போதோ விட்டிருப்பேன். சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஏதோ ஒன்று எந்நேரமும் பதறிக்கொண்டே இருக்கும். பரீட்சை, பஸ், கல்யாண வீடு, போன் மணி, எல்லாவற்றுக்கும். முதல் மாத்திரை போட்ட அன்று அது நின்றது. இப்படித்தான் மற்றவர்கள் எல்லாம் இருக்கிறார்களா, இவ்வளவு சும்மாவா என்று ஆச்சரியப்பட்டேன். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள மெடிக்கலில் அந்தப் பழைய சீட்டையே காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் சீட்டும் கேட்பதில்லை. அட்டையை ஷோகேஸில் இருக்கும் என்னுடைய ஸ்டேட் கோப்பைக்குள் வைத்திருக்கிறேன். கோப்பைக்குள் யாரும் கையை விட மாட்டார்கள்.

எத்தனை என்று மட்டும் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கொடிவேரி அணைக்கு மூவரும் வண்டியில் போனோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மீன் வறுக்கும் புகை, ஈரத்துணி, குழந்தைகளின் கூச்சல். படியில் இறங்கும்போதே கை சில்லிட்டது. காது அடைத்தது. இதோ சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. இந்த நிச்சயம் எனக்கு நூறு தடவை வந்திருக்கிறது, நூறு தடவையும் நம்பியிருக்கிறேன்.

இவர் மீன் வாங்கப் போயிருந்தார். தாரிணிதான் என் கையைப் பிடித்துக் கல்லில் உட்கார வைத்தாள்.

“நெஞ்சுக்குள்ள ஓடுதுங்களாம்மா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் ஓடும். பள்ளிக்கூடம் போறப்ப தினமும் ஓடும்.”

டிபன் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுக்கிறாள் என்று நினைத்தேனே.

கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். அவளாகவே.

“அப்பாகிட்டச் சொல்லக் கூடாது சாமி.”

“சொல்ல மாட்டேங்க.”

ஆகஸ்ட் 12

இன்று முதல் நிறுத்துகிறேன். மீதி இருந்த அட்டையைக் கத்தரித்துச் சாக்கடையில் போட்டாயிற்று. கொடிவேரியில் அவள் மூடியைத் திறந்து வைத்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. இதோ நான் மனுஷியாகிறேன்.

வலி 6. படபடப்பு உண்டு. மாத்திரை இல்லை. இது நிஜமான இல்லை.

ஆகஸ்ட் 13

கொட்டாவி. மூக்கில் தண்ணீர். கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சளிக்காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொன்னேன். இவர் ரசம் வைத்துக் கொடுத்தார். உப்பு இல்லை. நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 14

முடியவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். நூற்றிருபது குழந்தைகளை மைதானத்தில் நிறுத்தி, மேடையில் நான் முன்னால் ஆசனம் செய்துகாட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு மெடிக்கல் திறக்கவில்லை. ஷட்டருக்கு முன்னால் யோகா மிஸ் வெள்ளை உடையில் மூவர்ணப் பின் குத்திக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் போன இரண்டு பெற்றோர் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

ஏழே முக்காலுக்குத் திறந்தார். எட்டரைக்கு விருச்சிகாசனம் செய்தேன். கைதட்டல். கரஸ்பாண்டன்ட் பொன்னாடை போர்த்தினார்.

ஆகஸ்ட் 27

பயிற்சியில் தாரிணியின் இடது முட்டிச் சில்லு விலகிவிட்டது. நான் ஓடுவதற்குள் அவளே காலை நீட்டி, உள்ளங்கையால் தள்ளி, உள்ளே போட்டுவிட்டாள். அழவில்லை. ‘டக்’ என்று சத்தம் எனக்குக் கேட்டது.

“எத்தனாவது தடவ இது?”

விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்களும் சொல்றதில்லைங்களே.”

ஒத்தடம் கொடுத்தேன். டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். போட்டி முடியட்டும்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினத்துக்கு அரை நாள் லீவு. பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலப் பிரிவு, அறை 14 வரைக்கும் போனேன் என்பதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் நான் முயற்சியே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. வாசலில் சீட்டு வாங்கி வைக்கும் அம்மாள் ஆறாம் வகுப்பு ரித்தீஷின் தாய். “அடடே, யோகா மிஸ். யாரப் பாக்க வந்தீங்க?” என்றார், வாய் நிறையச் சிரிப்போடு.

“கண் டாக்டருங்க.”

“கண்ணு அக்கட்டாலைங்க மிஸ். வாங்க, நானே காட்டறேன்.”

கூடவே வந்து கண் பிரிவில் உட்கார வைத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் காத்திருந்து கண்ணைச் சோதித்துக்கொண்டேன். பார்வை நன்றாக இருக்கிறதாம்.

செப்டம்பர் 14, சனி

ஈரோட்டில் மாவட்டப் போட்டி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒரு பள்ளி மண்டபம். இருநூறு பிள்ளைகள், எல்லார் தலையிலும் இறுக்கிய கொண்டை. தாரிணி காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. வராந்தாவில் உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது மறுபடி முட்டி விலகியது. தள்ளிப் போட்டாள். இந்தத் தடவை வீங்கிவிட்டது. அவளுக்கு முன்னால் இன்னும் நாலு பேர்தான்.

“வேண்டாம் சாமி. போலாம் வா” என்றேன். சொன்னேன். இதை நான் சொன்னேன் என்பது சத்தியம்.

“பிளெக்ஸ் வெக்க மாட்டாங்களேங்கம்மா.”

“வெக்காட்டிப் போகுது.”

“உங்களுக்கு அழுவ வரும்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “நீங்க கப்புல இருந்து எடுத்துப் போடுவீங்கல்ல, அதக் குடுங்க. உங்களுக்குச் சரியாயிருதுல்ல.”

அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை. கைப்பையைத் திறந்தேன். என் கை நடுங்கவே இல்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்து இரண்டாக்கினேன். பாதி அவளுக்கு. மீதிப் பாதியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, நான் போட்டுக்கொண்டேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து மேடை ஏறினாள். என் பெண்ணை அப்படி ஒரு அமைதியில் நான் பார்த்ததே இல்லை. நெஞ்சைத் தரையில் வைத்து, காலைத் தலைக்கு மேல் கொண்டுவந்து, பாதத்தை இரண்டு கன்னத்துக்கும் பக்கத்தில் வைத்து, கண்ணை அகலத் திறந்து நடுவர்களைப் பார்த்தாள். நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

முதல் இடம். கோப்பை அவள் இடுப்பு உயரம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, “இன்னைக்கு நெஞ்சுல யாருமே ஓடலீங்கம்மா” என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

நானும் ஒரு நாள் அந்தச் சந்தோஷத்தில்தான் அழுதேன், அவளை மடியில் வைத்துக்கொண்டு.

செப்டம்பர் 15

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18

பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மாநிலம் முடியட்டும் என்று பொறுக்க முடியவில்லை கரஸ்பாண்டன்ட்டுக்கு. என் படம் பதினேழு வயதில் எடுத்தது, எங்கே தேடி எடுத்தார்களோ. இவர் பட்டறைப் பையன்களையும் கூட்டிவந்து கேட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். “எம்பட ரெண்டு புள்ளைகளும் ரப்பரு” என்று எல்லாரிடமும் சொல்கிறார்.

செப்டம்பர் 25

அட்டையில் ஒன்று குறைகிறது. காலையில் எண்ணி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். நானே போட்டுவிட்டு மறந்திருப்பேன். இப்போதெல்லாம் அப்படித்தான், கேஸை அணைத்தேனா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்க்கிறேன்.

தாரிணிக்குக் காலாண்டுப் பரீட்சை. இன்று வாந்தி இல்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அக்டோபர் 2

லீவு. இவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அவருக்குப் பிடித்த கோழிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். முடித்தார். வெற்றிலை போடட்டும் என்று இருந்தேன்.

“ஏனுங்க, தாரிணிக்கு அந்த முட்டி…” என்று ஆரம்பித்தேன்.

“அதா? எங்கிட்டயும் சொன்னா. உனக்கும் சின்னதுல இருந்ததுதானே? நீ என்ன கொறஞ்சா போயிட்ட?” என்று என் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

நான் குறைந்துதான் போனேன் என்று அவருக்கு எப்படிக் காட்டுவது? மேடையில் நின்றால் ஒன்பதுக்கு ஒன்பது தெரிகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இவர் அதிகாலையிலேயே பட்டறைக்குப் போய் ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். வீட்டில் எங்களுக்கு ஆயுதம் யோகா விரிப்புகளும் கோப்பைகளும்தான். வருடா வருடம் ஷோகேஸைக் காலி பண்ணி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். பொரியும் கடலையும் வாங்கி வைத்தாயிற்று.

என் கோப்பையை யாரும் தொடுவதற்குள் எடுத்து, உள்ளே இருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு துடைத்தேன். பிறகு தாரிணியின் கோப்பையை எடுத்தேன். கவிழ்த்ததும் அடியில் ஏதோ உருண்டது.

நோட்டுத் தாளைச் சின்னதாக மடித்து, மடித்து வைத்த பொட்டலம். பிரித்தேன். அரை மாத்திரை. உடைந்த இடத்தில் பல் பட்ட தடம். என் பல் இல்லை. சின்னப் பல்.

தாரிணி தரையில் உட்கார்ந்து விரிப்புகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரிப்புக்கும் மூன்று, ஒரே கோட்டில்.

“இதென்ன சாமி?”

திரும்பிப் பார்த்தாள். பயப்படவில்லை. “பரீட்சை அன்னிக்குப் பாதி போட்டேங்க. அது இருவதாந்தேதிக்கு.”

“எப்ப எடுத்த?”

“அன்னிக்கேதான். ஒன்னே ஒன்னுதான் எடுத்தேன். உங்களுக்குப் பத்தாமப் போயிருமில்ல?” சந்தன விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “அப்பாகிட்டச் சொல்லலீங்க.”

அடித்திருக்க வேண்டும். கட்டிக்கொண்டு கதறியிருக்க வேண்டும். பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, இதோ பாருங்கள் உங்கள் இரண்டு ரப்பரையும் என்று காட்டியிருக்க வேண்டும். அவர் பக்கத்து அறையில்தான் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார். சுவர் அரைச் செங்கல் கனம்.

நான் அவள் கோப்பையைத் துடைத்தேன். பொட்டு வைத்தேன். என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுடையது உயரம்.

மணி அடித்து, சூடம் காட்டி, இவர் தாரிணியின் நெற்றியில் திருநீறு பூசி, “ஸ்டேட்டு நமக்குத்தான்” என்றார். அந்தப் பொட்டலம் இவ்வளவு நேரமும் என் உள்ளங்கையில்தான் இருந்தது. அவள் கையில் இது மறுபடி சிக்கக் கூடாது என்று நினைத்தேன். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதற்காகத்தான் எழுந்து போனேன். தாழ்ப்பாளைப் போட்டேன். வெளியே அப்பாவும் பெண்ணும் பொரி அள்ளுகிற சத்தம் கேட்டது. நெஞ்சுக்குள் ஓட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த நோட்டு அங்கே போகாது. வேறு நோட்டு வாங்கி மூன்று மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம், எனக்குத்தான் பழக்கமாயிற்றே. இங்கே ஒரு நாளாவது முழுசாக எழுதி வைக்கிறேன்.

வலி 7. படபடப்பு உண்டு, இப்போது இல்லை. மாத்திரை காலையில் மூன்று. பூஜை முடிந்து அரை.

அந்த அரை என்னுடையது இல்லை.